பழைய பில்லிங் புரோகிராம் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

பொங்கல் கழிந்து பத்து நாளாக இதை எழுதுவதா விடுவதா என்று இருந்தேன். வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர், "அய்யா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சேர்த்து அனுப்பினார்கள். பேசியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் கடையில் பதினாலு வருஷம் இருந்த தம்பி ஐப்பசியில் வேலையை விட்டுப் போனதற்கும் இதற்கும் நீங்களும் முடிச்சுப் போட வேண்டாம். போன இடத்தில் அவர் நல்லா இருக்கட்டும்.

பதிவில் இருப்பது இரண்டு குற்றச்சாட்டு. நான் எழுதிக் கொடுத்த பழைய பில்லிங் புரோகிராம் நன்றாக ஓடும்போதே, புது கம்ப்யூட்டர் விற்பதற்காக "இனி ஓடாது" என்று நான் பயமுறுத்துகிறேனாம். அடுத்தது, "அவர் ஃபாக்ஸ்புரோ காலத்து ஆளு, அதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது." (ஃபாக்ஸ்புரோ என்பது உங்கள் பில்லிங் புரோகிராமை நான் எழுதிய பழைய மென்பொருள்.)

முதலாவதுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லாவில் ஓடுவது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம். விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தோம். விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும். அதில் இது திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. "டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்டலாமே" என்கிறார்கள், புது மெஷினுக்குள் டாஸைப் போலவே நடிக்கும் புரோகிராம் அது. மூன்று கடையில் நானே போட்டுப் பார்த்தேன். திரையில் பில் அழகாக வரும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போகச் சொன்னால் அடம்பிடிக்கும். முகூர்த்த நாளில் கல்லா முன்னால் ஆள் நிற்கும்போது அந்த விளையாட்டு ஆகாது. கம்ப்யூட்டரை என்னிடம்தான் வாங்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மெமரியும் எஸ்எஸ்டியும் இப்போது விற்கிற விலையில், முடிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இரண்டாவதுதான் உறுத்துகிறது. என்னை "ஃபாக்ஸ்புரோ சார்" என்று கூப்பிடுவதே நீங்கள்தான். அது செல்லப் பெயர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

எனக்கு முதலில் தெரிந்தது பேரேடுதான். காவிரிக்கரை அரசு கல்லூரியில் பி.காம். முடித்து, 1985-இல் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளைக்குக் கையாளாகச் சேர்ந்தேன். சிட்டை, நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அவரிடம் கற்றது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று போட்டுக்கொண்டிருந்த கணக்கை மூட்டைக்கும் கிலோவுக்கும் மாற்றி எழுதியதில் தேய்ந்த விரல் இது. 1988-இல் திருச்சிக்குப் போய் ஆறு மாசம் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று அந்தக் காலத்து மென்பொருள்களைப் படித்தேன். ஏசி அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கும்பேஸ்வரர் சன்னிதியில்கூட அவ்வளவு பயபக்தியாக நின்றதில்லை.

1992 மகாமகத்துக்கு முந்தைய வருஷம் பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு முதல் பில்லிங் புரோகிராம் எழுதினேன். 286 மெஷின், 40 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்று உங்கள் சம்பந்தி அனுப்பும் காலை வணக்க வீடியோ இரண்டு வந்தால் அது நிறைந்துவிடும். பாத்திரக் கடைக் கணக்கு லேசுப்பட்டதல்ல. குடமும் அண்டாவும் எடைக்கு, நாச்சியார்கோவில் விளக்கு ஜோடிக்கு, ஈயம் பூசக் கூலி தனி, பழைய பித்தளை கொண்டுவந்து போட்டால் அழுக்கு தள்ளி எடை. மீதியைப் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவும் கணக்கில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் வெளியூர் ரெடிமேட் புரோகிராமில் இடமில்லை. கல்லாவில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்தக் கடைப் பெரியவர் இரண்டு வருஷம் கைப்பேரேட்டையும் விடவில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் இரண்டு கூட்டலுக்கும் 35 பைசா வித்தியாசம். விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடித்தேன். பெரியவர் ஒவ்வொரு பில்லையும் அஞ்சு பைசாவுக்குச் சரிக்கட்டுகிறார், என் புரோகிராம் மொத்தக் கூட்டலில்தான் சரிக்கட்டுகிறது. மறுநாளே அவர் முறைக்கு மாற்றினேன். கடை அவருடையது.

பிறகு டிபேஸை விட்டு ஃபாக்ஸ்புரோவுக்கு வந்தேன். வேகமான பென்டியம் வந்ததும் ஃபாக்ஸ்புரோ திறந்தவுடனேயே "டிவைட் பை ஜீரோ" என்று நின்றது ஞாபகம் இருக்கிறதா? மெஷினின் வேகத்தை அளக்க உள்ளே ஒரு சின்னச் சுற்று ஓடும். மெஷின் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட, கழிந்த நேரம் பூஜ்யம், அதால் வகுக்கப் போய் விழுந்தது. மெஷின் வேகமாக இருந்ததுதான் குற்றம். அதற்கு ஒட்டுப்போட்டு ஓட்டினோம். 2000 பிறந்தால் இரண்டிலக்க வருஷத்தை மெஷின் 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயத்தில், 1999 டிசம்பர் 31 ராத்திரி பத்தொன்பது கடைக்கு சைக்கிளில் போனேன். நம் ஃபைல்களில் தேதி எட்டு இலக்கமாகவே பதிவாகியிருந்தது, திரையில் வாங்குவதும் காட்டுவதும் மட்டும் இரண்டிலக்கம். அதனால் ஒரே ஒரு வரி மாற்றம் போதுமாக இருந்தது. அந்த ராத்திரிக்கு நான் காசு வாங்கவில்லை என்பதை இப்போது சொல்லிக்காட்டுகிறேன், மன்னிக்கவும்.

2007 ஜனவரியில் வாட் வரி வந்தது, 2017 ஜூலை 1 சனிக்கிழமை ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீதங்கள் பெரும்பாலும் போய் வரி அடுக்கே மாறியது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையில் கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் என்றதும், ரைஸ்மில்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தீர்கள். என் புரோகிராமில் மூட்டை எடையை 25 என்று கல்லில் செதுக்கிய மாதிரி எழுதி வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் அத்தனை மில்லுக்கும் மாற்றிக் கொடுத்தேனா இல்லையா? அதை மாற்றியவன் ஃபாக்ஸ்புரோவைத் தவிர ஒன்றும் தெரியாதவனா?

மைக்ரோசாப்ட் 2007-லேயே ஃபாக்ஸ்புரோவுக்கு இனிப் புதுப் பதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. அப்போதே நான் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. உங்களுக்கும் பழகிப்போயிருந்தது, எனக்கும் பழகிப்போயிருந்தது. பவர்கட் காலத்தில் ஒரு நாளைக்கு மூணு தடவை இண்டெக்ஸ் (பதிவுகளைத் தேட உதவும் ஃபைல்) உடையும், போனிலேயே சரிசெய்யச் சொல்லித் தருவேன், அதோடு சரி. பாபநாசம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்குக் கார்த்திகையில் பதினோரு நாள் பில் பேக்கப்பில் கிடைக்காமல் போனது தனி விஷயம், அவரிடம் நேரில் பேசியாகிவிட்டது.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பாத்திரக் கடைக்கும் ரைஸ்மில்லுக்குமான புதுப் புரோகிராமை அதில்தான் எழுதியிருக்கிறேன். எடை, ஈயக்கூலி, பழையது, சீர்ப் பாக்கி எல்லாம் அதில் உண்டு, 35 பைசா விவகாரம் உட்பட. எட்டு கடையில் ஆயுதபூஜையிலிருந்து ஓடுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் அந்தக் கடைகளில் போய்க் கேட்கலாம். டேலி என்ற ரெடிமேட் கணக்கு மென்பொருளுக்குப் போக விரும்புகிறவர்களுக்கும் மாற்றிக் கொடுப்பேன், முகம் சுளிக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, மின்சாரம் இல்லாத மன்னார்குடிக்கு பேக்கப்பை மழைக்கோட்டுக்குள் வைத்து பைக்கில் எடுத்துப் போனேன். ஜெனரேட்டரில் கம்ப்யூட்டரைப் போட்டு யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பார்த்த அந்த மில்காரர், தன் கூரை போன கவலையிலும் என்னைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். 2020 ஊரடங்கில் கடை திறக்காமலேயே ஆண்டுச் சந்தாவை அனுப்பி வைத்தவர்கள் இருபத்தாறு பேர். கேட்காமல் அனுப்பினீர்கள். அந்தப் பட்டியல் இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இனி நடைமுறை. பழைய புரோகிராமுக்கு மார்ச் 31 வரைதான் சர்வீஸ். அதற்குள் உங்கள் கணக்கு முழுவதையும் பழைய ஃபைலாகவும் எக்செல்லாகவும் பென் டிரைவில் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் என்னோடு இருந்தாலும் சரி, வேறு இடம் போனாலும் சரி. பென் டிரைவ் நீங்களே கொண்டு வாருங்கள், வைரஸ் இல்லாததாக. தம்பி இல்லாததால் ஒரு நாளைக்கு மூன்று கடைக்குத்தான் வர முடியும். மாசி மகத்தன்று கடை கிடையாது. போன் எடுக்கவில்லை என்றால் வண்டியில் இருக்கிறேன் என்று அர்த்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்றும் உங்கள்,
ஃபாக்ஸ்புரோ சார்
கும்பகோணம்

பி.கு.: ஆண்டுச் சந்தா ஏப்ரல் முதல் 4,800-க்குப் பதில் 7,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி.