நடைபாதையை அளக்க நடப்பவர்களிடம் டேப்பைக் கொடுங்கள்: மதுரை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகராட்சி ஆணையாளருக்கும் 100 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் ஸ்டாப்புக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் வேகமாக நடந்தால் ஐந்து வேலை நாளில் அது நிறைந்துவிடும். தெப்பக்குளத்தைத் தனியாகச் சுற்றி வர நேரம் இல்லாதவர்களுக்கு இந்த நடைதான் மருந்து. அந்த நடை எந்தெந்த இடத்தில் முறிகிறது என்பதை மக்களைக் கொண்டே அளந்து வாங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதல் (2012) நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்புக்கல் 15 செ.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. கோப்பில் பதிவாவதோ கட்டிய அகலம். 2.4 மீட்டருக்குக் கட்டிய பாதையில் ஒரு மின்வாரியப் பெட்டியும் அதை ஒட்டி ஒரு டூவீலரும் நின்று 60 செ.மீ. மிஞ்சினால், அது 60 செ.மீ. பாதைதான். சக்கர நாற்காலி அதில் நுழையாது. கைக்குழந்தையும் பையுமாக வரும் பெண் அங்கே தார்ச்சாலையில் இறங்குவார். மறுநாள் முதல் ஏறவே மாட்டார். சராசரி எடுத்தால் இந்த இடம் மறைந்துபோகும். ஆகவே 20 மீட்டருக்கு ஒரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மிகக் குறுகிய இடத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு குழுவுக்கு மூன்று பேர் போதும்: ஒருவர் 5 மீட்டர் டேப், ஒருவர் குறிப்பேடு, ஒருவர் போட்டோ. டேப்பைத் தரையோடு படியவைத்து, போட்டோவில் அதன் எண் தெரியவேண்டும். தடை எது என்பதையும் எழுதவேண்டும்: பெட்டியா, கடைப் படிக்கட்டா, உடைந்த சாக்கடை மூடியா, நிறுத்திய வண்டியா. காரணம் தெரிந்தால்தான் எந்தத் துறையிடம் கேட்பது என்று தெரியும். தள்ளுவண்டிக் கடைக்காரர்களைத் தடைப் பட்டியலில் சேர்த்து விரட்டுவதற்கு இந்தக் கணக்கு பயன்படக்கூடாது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் தருகிறது. காலையிலிருந்து இரவு வரை தெருவில் நிற்கும் அவர்களைக் குழுவில் சேர்ப்பதே நல்லது.

சாய்தளத்துக்கு 1:12 கணக்கு. 15 செ.மீ. ஏற வேண்டுமென்றால் 180 செ.மீ. நீளம் வேண்டும். இரண்டு அடியில் சிமெண்டைக் கொட்டி முடித்த சாய்தளத்தில் நாற்காலி பின்னோக்கிச் சரியும். சிக்னலில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 நொடி ஆகும், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல். பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்பதைப் பத்து சுற்றுக்காவது குறித்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இனி, தவறு நேரும் இடங்கள். மாசி வீதிகளையொட்டிய சந்துகளில் செல்போனின் ஜி.பி.எஸ். புள்ளி சுவர்களில் பட்டுத் தெறித்து அடுத்த சந்துக்குத் தாவிவிடும். எனவே மின்கம்ப எண்ணையோ கதவு எண்ணையோ கூடவே எழுதவேண்டும். நடக்கும் வழியில் காற்று மாசையும் அளப்பதானால் இன்னொரு எச்சரிக்கை: அதற்கான கையடக்க மானிகள் லேசர் ஒளிச் சிதறலை வைத்துத் தூசியை எண்ணுபவை. மார்கழி விடியலின் ஈரத்தில் தூசித்துகள் நீரேறி ஊதிப்போய், மானி காட்டும் எண் உண்மையைவிட மிக உயர்ந்துவிடும். எல்லா மானிகளையும் முதலில் ஒரு வாரம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்தே பதியுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களின் கணக்கைத் தனியாக வையுங்கள். அது அன்றாடம் அல்ல. ஒரே 200 மீட்டரை இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து, 10 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பயிற்சியை மறுபடி நடத்துங்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அளவுகளைச் செல்போன் ஆப்பில் பதிபவர்கள் மட்டும் பங்கெடுத்தால் கல்லூரி மாணவர்களின் மதுரைதான் கிடைக்கும். தூய்மைப் பணியாளர்கள், விடியல் பயணத்தில் டவுன் பஸ் பிடிக்க நடக்கும் பெண்கள், பார்வையற்றோர் ஆகியோருக்குக் காகிதப் படிவம் கொடுங்கள். ஒரு தெருவில் யாரும் நடக்கவில்லை என்றால் அங்கே தேவையில்லை என்று பொருளாகிவிடாது. நடக்க முடியாததால் நின்றுபோனவர்கள் அந்த எண்ணிக்கையில் வருவதேயில்லை. அவர்களை வீட்டில் போய்த்தான் கேட்கவேண்டும். ஒருவர் நடந்ததாகச் செல்போனில் பதிவான தடத்தை வெளியிடுமுன் இரண்டு முனையிலும் 200 மீட்டரை வெட்டிவிடுங்கள். யார் வீடு என்பது தெரியக்கூடாது.

முதல் தடமாக சிம்மக்கல்லில் தொடங்கி ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் வழியாக அரசு இராசாசி மருத்துவமனை வாசல் வரை எடுங்கள். நோயாளியும் துணைக்கு வருபவரும் நடக்கும் வழி அது. அளவுகள் வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு குறுகிய இடத்துக்கும் பொறுப்பான உதவிப் பொறியாளர் யார், சரிசெய்யும் தேதி எது, முடியாதென்றால் காரணம் என்ன என்று எழுதி, அந்த வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் வாசியுங்கள். அளந்தவர்களும் அங்கே இருப்பார்கள்.

இப்படிக்கு,
மதுரைத் தெருக்களில் நடப்பவர்கள்