எந்தப் பக்கம் என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்பதை எவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய்! அம்மா மனசு கஷ்டப்படுமே என்று தயங்கியிருப்பாய். கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ என்னிடம் மறைக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கடைசியில் கேட்டிருந்தாயே, இவ்வளவு பெரிய சிந்தனையாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள், யாரை நம்புவது, நீ எந்தப் பக்கம் அம்மா என்று. என் பக்கம் உனக்குத் தெரியும். நான் கும்பிடுகிறவள், நாளைக்கும் கும்பிடுவேன். ஆனால் இவர்களைப் பிரித்து வைத்து ஓட்டு எண்ணுகிற மாதிரி படித்தால் ஒருவர்கூட உனக்குப் பிடிபடமாட்டார். தன் கட்சிக்கு எதிரான வாதத்துக்கு எழுதுகிறவர் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அந்த இடத்தில்தான் ஆளின் உண்மை தெரியும்.

பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலைப் பக்திமான் என்று ஒதுக்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. வரி அதிகாரியான அப்பாவின் வேலைச்சுமையைக் குறைக்க, இருபது வயதுகூட ஆகாதபோது கணக்குப்போடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர் அவர். 1654 கோடையில் அவரும் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. நிகழ்தகவுக் கணிதத்துக்கு அந்தக் கடிதங்கள்தான் அடித்தளம். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு அவருக்கு ஏதோ நேர்ந்தது. ஒரு தாளில் தேதியைப் போட்டு, சுமார் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை என்று நேரத்தையும் குறித்து, கீழே ‘நெருப்பு’ என்று ஒற்றைச் சொல் எழுதினார். அப்புறம், ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளுடைய கடவுள் அல்ல என்று போகிறது. அதை மேலங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் வேலைக்காரர் கையில் அது தட்டுப்பட்டது. நெருப்பைக் கண்ட மனிதர் கடிகாரத்தையும் பார்த்திருக்கிறார் பார், அந்த இடத்தில் என் மனசு நின்றுவிடும். கணக்கையும் அவர் விட்டுவிடவில்லை. உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றி 1658இல் தீவிரமாக வேலை செய்தார்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றித்தான் உன்னோடு நிறையப் பேச ஆசை. 1849 டிசம்பர் 22 அன்று பீட்டர்ஸ்பர்க் சதுக்கம் ஒன்றில் அவரைக் கொல்ல நிறுத்தினார்கள். தடைசெய்யப்பட்ட ஒரு கடிதத்தை நண்பர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டியது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அடுத்த வரிசையில் இவர். துப்பாக்கிகள் குறிபார்த்த பிறகு, தண்டனை குறைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எல்லாம் ஜார் முன்கூட்டியே தீர்மானித்த நாடகம். பிறகு நான்கு வருடம் சைபீரியாவில், கால் விலங்கோடு. வெளியே வந்ததும் 1854இல் ஓர் அம்மாளுக்கு எழுதுகிறார்: தான் இந்த நூற்றாண்டின் பிள்ளை, சந்தேகத்தின் பிள்ளை, சவப்பெட்டியை மூடும்வரை அப்படியே இருக்கப்போகிறவன் என்று. அதே கடிதத்தில்தான் கிறிஸ்துவின் மேலுள்ள தன் அன்பையும் சொல்கிறார்.

1878 மே மாதம் அவருடைய மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அது அப்பாவுக்கும் இருந்த நோய். அப்போது எழுதத் தொடங்கிய கரமசோவ் நாவலில் நம்பிக்கையுள்ள தம்பிக்கு அந்தப் பெயரையே வைத்தார். அண்ணன் இவானின் வாயிலோ, உலகத்தில் கடவுளுக்கு எதிராக எழுதப்பட்ட மிகக் கடுமையான வாதத்தை வைத்தார். குழந்தைகள் படும் வேதனையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இதுதான் விலை என்றால் உங்கள் சொர்க்கத்துக்கான நுழைவுச் சீட்டு எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான் இவான். ஒரு சிறுவனைத் தாய் கண்ணெதிரே வேட்டை நாய்களை ஏவிக் கொன்ற ஜெனரலை என்ன செய்யலாம் என்று அவன் கேட்க, “சுட வேண்டும்” என்று அந்தச் சாதுத் தம்பியின் வாயிலிருந்தே வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு விசுவாசி எழுதிய பக்கங்கள் இவை. இதற்கான பதில் அடுத்த பகுதியில் வருகிறது, அது போதுமானதாக இருக்குமா என்று நடுங்குகிறேன் என 1879 ஆகஸ்ட் கடிதமொன்றில் அவரே எழுதியிருக்கிறார். என்னிடமும் அதற்குப் பதில் இல்லை, தம்பி. உன்னைப் பெற்ற பிறகு அந்த அத்தியாயத்தைப் படிப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் என் நம்பிக்கையை அதன் முன்னால் வைத்துப் பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை.

சரி, அதிகாரத்துக்கு வருவோம். அதிகாரம் எப்போதும் மதத்தோடும், பகுத்தறிவு எப்போதும் அதற்கு எதிரிலும் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். தத்துவவாதி ஸ்பினோசா உன் பக்கத்துக்கு நல்ல சாட்சிதான். 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. அப்போது வயது 23, ஒரு புத்தகம்கூட வெளிவந்திருக்கவில்லை. ஆனால் விலக்கியவர்கள் யார்? இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் கொடுமைக்குத் தப்பி ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும். விரட்டப்பட்டவர்களே விரட்டினார்கள். அறிவின் பெயராலும் இது நடந்திருக்கிறது. 1793 நவம்பரில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். அப்போது கோந்தோர்செ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர், புரட்சிக்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீட்டில், மனித அறிவு மேலும் மேலும் வளரும் என்று எழுதிக்கொண்டிருந்தார். 1794 மார்ச்சில் பிடிபட்டுச் சிறையிலேயே செத்துக் கிடந்தார். கையில் பிரம்பு வந்ததும் எல்லாக் கட்சிக்கும் ஒரே புத்திதான்.

நம் மொழியிலும் இது உண்டு. சமணத்தில் தருமசேனராக இருந்து திரும்பி வந்த அப்பரின் பாட்டை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். ‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்’. வலியில் சுருண்டு கிடக்கிற ஒருவர் கடவுளிடம் முறையிடுகிறார், தத்துவம் எதுவும் அங்கே கிடையாது. ஆனால் அவர் வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் சேக்கிழார் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர், அவரும் சைவர். அந்தக் கதையில் சமணர்கள் தங்கள் வாயால் பேச வழியில்லை. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் அழிந்தேவிட்டது. பிறர் எடுத்துக்காட்டிய சில பாடல்கள் மட்டும் மிச்சம். அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி இன்னும் இருக்கிறது. மறுப்பைப் படித்துத்தான் மறுக்கப்பட்டதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. நான் கும்பிடுகிறவள்தான், இருந்தாலும் இது எனக்குத் தீராத வருத்தம்.

ஸ்பினோசாவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி தர அழைத்தார்கள். விரும்பியபடி சிந்திக்கலாம், நிறுவப்பட்ட மதத்தைக் குலைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்று கடிதம். அந்தச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று எனக்குத் தெரியவில்லையே என்று பதில் எழுதி அவர் மறுத்துவிட்டார். கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். மறுத்தது சரி, சம்பளம் வாங்கினால் பேனா பயப்படும் என்பது என் கட்சி. உன் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. போய் மாணவர்கள் முன்னால் நின்றிருக்க வேண்டும், ஒதுங்கியதில் பாதி பயம்தான் என்கிறார். நீ இப்போது ஸ்பினோசாவில் மூழ்கியிருப்பதால் கேட்கிறேன், இதில் யார் சொல்வது சரி? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா