வேளச்சேரியா, ஹாஸ்டலா?

அன்புள்ள மாப்ளே,

மருமகளுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரி கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தாம்பரத்தில் சித்தி வீடு, வேளச்சேரியில் இரண்டு தோழிகளோடு வாடகை வீடு, ஹாஸ்டல், மூன்றில் எது என்று கேட்டிருக்கிறாய். முதல் வருஷம் ஹாஸ்டல்தான். சீட் கிடைத்துவிட்டால் அறையும் வந்துவிடும் என்று இருந்துவிடாதே. அட்மிஷன் அன்றே விசாரித்து அதற்கும் விண்ணப்பம் கொடுத்துவிடு.

வாடகை வீட்டில் முதலில் யோசிக்க வேண்டியது கூட இருக்கப்போகிறவர்களை. அதில் ஒருத்தி நீட் எழுதியிருப்பதாகச் சொல்கிறாய். பொறியியல் வகுப்பு தொடங்கிய பிறகும் மருத்துவக் கலந்தாய்வு ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு இடம் கிடைத்துப் போய்விட்டால், 18,000 வாடகையில் ஆளுக்கு 6,000 என்றிருந்தது 9,000 ஆகும். அவள் தன் அட்வான்ஸ் பங்கை உடனே கேட்பாள். வீட்டுக்காரரோ எல்லோரும் காலி செய்யும்போதுதான் தருவார், அதிலும் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நீ என்றால் பாக்கி உன் தலையில்தான்.

அப்படியும் வீடு பார்க்கத்தான் போகிறாய் என்றால் தரைத்தளம் வேண்டாம். 2015-லும் 2023-லும் வேளச்சேரி மூழ்கியது. சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் அடுத்த வீட்டில் விசாரி. பாத்ரூம் டைல்ஸில் செம்பழுப்புக் கறை, குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு இரண்டும் இருந்தால் போர் தண்ணீர்தான். குடிக்கக் கேன் வாங்க வேண்டும். கரண்ட்டுக்குத் தனி மீட்டரா என்று கேள். வீட்டுக்காரரே சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால், அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கு வந்து சேராது.

ஹாஸ்டலில் பார்க்க வேண்டியது மெஸ் கணக்கு. டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவை எல்லோரும் இருந்த நாட்களால் வகுப்பது என்றால், மாதச் செலவு 9 லட்சம், எல்லோரும் இருந்த நாட்களின் கூட்டல் 7,500 என்று வைத்துக்கொள். நாளுக்கு 120 ரூபாய். தீபாவளி மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய், சாப்பிடாத நாட்களைக் கழிக்கும் ரிடக்‌ஷன் வாங்குவார்கள், சமையல்காரர் சம்பளம் குறையாது, நாள் விலை ஏறும். ரிடக்‌ஷனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். குறைந்தது எத்தனை நாள் என்பதை வார்டனிடம் கேட்டுக்கொள்ளச் சொல்.

ஹாஸ்டல் தள்ளிப்போனால் தனியார் மகளிர் விடுதி இருக்கிறது. மகளிர் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாடு சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் பணம் கட்டாதே. சித்தி வீட்டில் பணம் மிச்சம், மின்சார ரயிலும் வசதி. ஆனால் கிண்டி ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், லேப் முடிந்து இருட்டியபின் அதே பயணம் திரும்ப. அறை கிடைக்கும்வரை ஒரு மாதம் அங்கே இருக்கட்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அறை விவரம் தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்