வெயிலில் முகம் வெளுத்தால் ஃபிளாஷைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் படங்களை வாசகர்களிடமிருந்து வாங்கி உங்கள் மாவட்டப் பக்கத்தில் போடுகிறீர்கள், நல்ல வழக்கம், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அண்மையில் படம் அனுப்புவோருக்கென்று போட்ட குறிப்பில், மைதானத்தில் எடுக்கும் படம் வெளுத்துப்போனால் ஃபிளாஷின் அளவைக் குறையுங்கள், அப்படியும் சரிவரவில்லை என்றால் நல்ல கேமராவாக மாற்றுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பகல் வெயிலில் இந்த இரண்டுமே பலன் தராது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பாரதியார் தினம், குடியரசு தினம் என்று வருஷம் முழுக்க மைதானத்தில் படம் எடுப்பதுதான் என் தொழில், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் போட்டி முடிந்ததும் எனக்குப் படம் அனுப்பி "சார், ஓவர் ஆயிடுச்சு, என்ன பண்றது" என்று கேட்பார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் படம்தான். பட்டப்பகல், வெற்றி மேடை, கழுத்தில் பதக்கத்தோடு ஒரு பையன், மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத முகம். ஃபிளாஷில் மைனஸ் 1 வைத்தேன், மைனஸ் 3 வரை இறக்கினேன், மாறவே இல்லை என்பார்கள். மாறாது. அந்தப் படத்திலேயே பையனுக்குப் பின்னால் இருக்கும் வானத்தைப் பாருங்கள், மைதானத்துக் கோடியில் நிற்கும் வேப்பமரத்தைப் பாருங்கள், அதுவும் வெளுத்திருக்கும். கேமரா மேல் மாட்டிய ஃபிளாஷின் வெளிச்சம் அத்தனை தூரம் போகவே போகாது. மரம் வெளுத்திருக்கிறது என்றால் கூடுதல் வெளிச்சம் சூரியனுடையது.

ஃபிளாஷை எடுத்துவிட்டால் படம் சரியாக வருகிறதே, அப்புறம் எப்படிச் சூரியன் காரணமாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கேமரா ஷட்டரில் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை விலகும், இரண்டாவது திரை வந்து மூடும். 1/200 நொடி வரைக்கும் முதல் திரை முழுக்க விலகிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும், நடுவில் சென்சார் (படத்தைப் பதியும் தகடு) முழுவதும் திறந்து கிடக்கும் அந்தக் கணத்தில் ஃபிளாஷ் அடிக்கும். அதைவிட வேகமாகப் போனால் முதல் திரை மறுகோடிக்குப் போய்ச் சேருமுன்பே இரண்டாவது பின்னாலேயே ஓடி வரும், சென்சார் மேல் ஒரு சிறு இடைவெளி மட்டும்தான் நகர்ந்து போகும். அப்போது ஃபிளாஷ் அடித்தால் படத்தில் ஒரு பட்டையில் மட்டும் அந்த வெளிச்சம் விழும், மற்ற இடத்தில் விழாது. இதைத் தவிர்க்கத்தான், ஃபிளாஷை மாட்டி ஆன் செய்த உடனே கேமரா தானாகவே ஷட்டரை 1/200க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில கேமராக்களில் இந்த எல்லை 1/250, சிலவற்றில் 1/160. லட்சக்கணக்கில் விலை போகும் கேனான் 1டி எக்ஸ், நிக்கான் டி5 இரண்டிலும்கூட 1/250தான். கேமராவை மாற்றச் சொல்வதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III கேமராவில் இந்தத் திரைச் சிக்கல் இல்லை, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிப்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். அதை வாங்கும் நிலையில் எந்தப் பள்ளி இருக்கிறது?

இப்போது கணக்கைப் பார்த்துவிடுவோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப்/16, ஷட்டர் ஏறக்குறைய 1/100 என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கும் அளவு. நம் ஆள் பின்னணி மங்கலாக வரட்டும் என்று டயலை, திறப்பை நாம் வைத்தால் வேகத்தைக் கேமராவே முடிவுசெய்யும் அப்பர்ச்சர் முறையில் வைத்து எஃப்/4 திறந்திருப்பார், ஐஎஸ்ஓ 400இல் கிடக்கும். இதற்குக் கேமராவுக்கு வேண்டிய வேகம் 1/6400. ஃபிளாஷ் இல்லாதபோது அந்த வேகத்தை அது எடுத்துக்கொள்ளும், படம் சரியாக வரும். ஃபிளாஷை ஆன் செய்த மறுகணம் 1/200இல் நின்றுவிடும். வெயில் உள்ளே நுழையும் நேரம் 32 மடங்கு, அதாவது 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூடுதல். இதில் ஃபிளாஷை மைனஸ் 3க்கு இறக்கினால் என்ன, அடியோடு அடிக்காமலே விட்டால்தான் என்ன? பெரும்பாலான கேமராக்கள் இதை முன்கூட்டியே சொல்லவும் செய்கின்றன. கேனானில் வியூஃபைண்டருக்குள் 200 என்ற எண் மினுக்கிக்கொண்டே இருக்கும், நிக்கானில் அந்த இடத்தில் 'ஹை' என்று வரும். பதக்கம் போடும் அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

வெற்றி மேடைக்குத் தீர்வு ரொம்பச் சுலபம், ஒரு பைசா செலவில்லை. ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து எடுத்து 100இல் வையுங்கள், மேனுவல் முறையில் 1/200, எஃப்/11. வெயில் அதற்குள் அடங்கிவிடும். அப்புறம் ஃபிளாஷை, அதன் அளவைக் கேமராவே கணக்கிடும் டிடிஎல்லில் விட்டு மைனஸ் 1 வைத்தால், தொப்பிக்குக் கீழும் புருவத்துக்குக் கீழும் விழும் உச்சிவெயில் நிழல் மட்டும் லேசாகத் தெளியும். பகலில் ஃபிளாஷுக்கு இருக்கும் வேலையே அவ்வளவுதான். மேனுவல் பழக்கமில்லாதவர்கள் ஷட்டர் முறைக்கு மாற்றி 1/200 வைத்துக்கொள்ளலாம், கேமரா தானாகவே அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், எஃப்/11இல் ஃபிளாஷ் எட்டும் தூரம் குறைவு. ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் 60 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 60ஐ 11ஆல் வகுத்தால் ஐந்தரை மீட்டர்தான் வரும், அதுவும் ஃபிளாஷ் தலையை முழுக்க ஜூம் செய்து வைத்தால்.

ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் இந்த வழி உதவாது, 1/200இல் கை கால் எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே ஃபிளாஷை அணைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. 100 மீட்டர் ஓட்டக்காரர்கள் பிளாக்கில் கால் வைத்துக் காத்திருக்கும்போது எதிரே நின்று ஃபிளாஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், வருஷம் பூராவும் பயிற்சி எடுத்த பிள்ளையின் கவனம் அந்த ஒரு மின்னலில் போய்விடும். ஜிம்னாஸ்டிக்ஸில் இதற்கு அனுமதியே கிடையாது, நம் பள்ளி மைதானங்களிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும்.

ஓடுபவரையே நிழல் இல்லாமல் எடுத்தாக வேண்டும் என்றால் ஹை ஸ்பீடு சிங்க் இருக்கிறது, நிக்கான்காரர்கள் ஆட்டோ எஃப்பி என்பார்கள். 1986இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த உத்தி இது. ஒரே அடியாக அடிப்பதற்குப் பதில், அந்தச் சிறு இடைவெளி சென்சார் மேல் நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் விடாமல் துடித்துக்கொண்டே வெளிச்சம் கொடுக்கும். அதனால் 1/2000, 1/4000 வரைகூடப் போகலாம். ஆனால் வெளிச்சத்தின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும், வெயிலில் இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டினால் பெரிதாக எதுவும் தெரியாது. எல்லாக் கருவியிலும் இது இருக்காது. கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷ்களில் பொதுவாகக் கிடையாது, நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் கிடையாது. கடையில் வாங்கும் முன் கேமரா, ஃபிளாஷ் இரண்டிலும் இது உண்டா என்று கேட்டு, அங்கேயே 1/1000 வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சூரியனா ஃபிளாஷா என்று சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். மேனுவலில் அதே எண்களை வைத்து ஃபிளாஷை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். அப்போதும் வெளுத்திருந்தால் வெயில். படம் இருண்டுபோனால் ஃபிளாஷ்.

ஃபிளாஷே காரணமாக இருப்பதும் உண்டு, பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு. ராத்திரிக் கபடியில் ஃபோகஸ் விளக்குக்குக் கீழே ஆட்டம் நடக்கும், களத்தைத் தாண்டிப் பின்னால் ஒரே இருட்டு. டிடிஎல் அந்த இருட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வெளிச்சம் போதவில்லை என்று கொட்டித் தீர்க்கும், நடுவில் நிற்கும் ரெய்டரின் முகம் போய்விடும். உங்கள் குறிப்பு சொன்னபடி அளவைக் குறைக்க வேண்டியது இங்கேதான், மைனஸ் 1இலிருந்து மைனஸ் 2 வரை. அல்லது முகத்தைப் பார்த்து ஃபிளாஷ் அளவைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு எடுக்கலாம். குழுப் படத்தில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருட்டாக விழுவதற்குக் காரணம் தூரம். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால் முன்னால் இருப்பவர்மேல் இரண்டே கால் மடங்கு வெளிச்சம் விழும். 6 மீட்டர் பின்னால் போய் ஜூம் செய்து எடுத்தால் அது ஒன்றே கால் மடங்கைக் கொஞ்சம் தாண்டுவதோடு நின்றுவிடும்.

இன்னும் சில சின்னச் சங்கதிகள். பரிசளிப்பு மேடைக்குப் பின்னால் கட்டும் ஃபிளெக்ஸ் பளபளப்பானது, நேர் எதிரே நின்று அடித்தால் வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து பள்ளியின் பெயரையே அழித்துவிடும், இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் போதும். எவ்வளவு குறைத்தாலும் ஃபிளாஷ் முழுப் பலத்தோடுதான் அடிக்கிறது என்றால் அதைக் கழற்றி அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். மைதானத்துப் புழுதியும் கை வியர்வையும் சேர்ந்து படிந்திருக்கும், புள்ளி சரியாகப் படாவிட்டால் கேமரா சொல்வது ஃபிளாஷுக்குப் போய்ச் சேராது. உலர்ந்த துணியால் துடைத்து, கடைசி வரை தள்ளி, வளையத்தை இறுக்குங்கள். அப்புறம் கேமராவின் பின்திரையை வெயிலில் நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எந்தப் படமும் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றிவைப்பவர்கள் நிறையப் பேர். மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து வைத்தால் வெளுத்த இடம் கறுப்பாக மினுக்கும், முகத்தில் மினுக்கினால் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்க் கணினியில் சரிசெய்துகொள்வோம் என்று விட்டுவிட்டால், ஜேபிஇஜியில் முழு வெள்ளையான இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் ஓரளவுக்கு மீட்கலாம், 5 ஸ்டாப்பெல்லாம் திரும்பக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று, இது அமைப்பைப் பற்றியதல்ல. வேண்டுமென்றே ஃபிளாஷை ஏற்றிவைத்து எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளை கறுப்பாக விழுந்துவிட்டால் பெற்றோர் குறை சொல்வார்கள் என்று புகைப்படக்காரர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகளும் படத்தைப் போடும்போது இன்னொரு சுற்று வெளிச்சம் ஏற்றுகின்றன. மூன்று மாதம் வெயிலில் ஓடிப் பயிற்சி எடுத்த ஒரு பெண்ணின் முகம் கறுத்துத்தான் இருக்கும், அந்தக் கறுப்பில் வியர்வை மினுங்கும், குண்டு எறியும்போது தாடை இறுகுவது தெரியும். வெளுக்க வைத்தால் இவை எல்லாம் போய்விடும். குறுவட்டத்தில் ஜெயித்த பல பிள்ளைகளுக்கு வாழ்நாளில் செய்தித்தாளில் வருவது அந்த ஒரு படம்தான், அதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள், அதில் அவர்கள் முகம் அவர்கள் முகமாக இருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை குறிப்புப் போடும்போது "வெயிலில் ஃபிளாஷ் போட்டால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, எஃப்/11, ஓட்டப் பந்தயத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்தில் படத்தைத் திருத்துகிறவர்களிடம், வந்த முகத்தின் நிறத்தில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த சுற்று குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பே இந்தக் குறிப்பு வந்துவிட்டால், பள்ளிகளில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டுப் புகைப்படக்காரர்,
திண்டுக்கல்.