காய்ந்த கல்லைத் தொட்ட தண்ணீர்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பழகிவிட்டது. சோற்றுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் இங்கே குறையில்லை. மற்றதை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டியது ஆற்றைப் பற்றி.

ஆலையில் உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஞாயிறுதோறும் என்னைக் கோலகங்சார் பக்கம் பேராக் ஆற்றுக்கு அழைத்துப் போகிறார். அவருடைய தூண்டிலில் மண்புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் கோழி இறகைக் கட்டிப் பொடிமீன் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். இறகுக்கு ஏது எடை? கயிறுதான் கனம். அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, முழுதாக விரிந்ததும் விட வேண்டும். ஃப்ளை ஃபிஷிங் என்கிறார்கள். நீங்கள் பார்த்தால் ஒரு நாளில் கற்றுக்கொள்வீர்கள்.

ஆற்றின் மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று வரிசையாக நான்கு அணைகள். கடைசியிலுள்ள செண்டெரோ 1930இல் கட்டி முடித்தது. 1934இல் முடிந்த நம் மேட்டூருக்கு மூத்தது! ஆனால் குணம் வேறு. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்தால் மாதக்கணக்கில் தண்ணீர் ஓடும். இங்கே மின்சாரத்துக்காக விடுகிறார்கள். தேவை கூடினால் ஆறு ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு முழங்கால் தண்ணீரில் மணல்திட்டோரம் நின்றேன். செபராவ் பொடிமீன்களை விரட்டிக்கொண்டிருந்தது. கெண்டை இனம்தான், ஆனால் வேட்டை மீன். விலாவில் கறுப்புப் பட்டை, வால் சிவப்பு. காலையில் பக்கத்துப் பாறையில் நீருக்கு மேல் ஒரு சாண் ஈரம் தெரிந்தது, தண்ணீர் இறங்கிய அடையாளம். மறுபடி பார்த்தபோது அந்த ஈரம் இல்லை. நீர் காய்ந்த கல்லையே தொட்டிருந்தது. சருகுகளும் மிதந்து வந்தன. "காய்ந்த கல் நனைந்தால் கரையேறு" என்று பரிசலில் எத்தனை முறை சொன்னீர்கள்! அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டு கரையேறினேன். கொஞ்ச நேரத்தில் திட்டே மூழ்கிவிட்டது. நெஞ்சு படபடத்தது அப்பா.

பிறகு கரையிலிருந்தே வீசினோம். ஏறும் தண்ணீர் புல்லுக்குள் நுழைகிறது, பொடிமீன் அங்கே ஒதுங்குகிறது, செபராவும் பின்னாலேயே வருகிறது. புல்லோரத்தில் இறகு விழுந்த கணமே ஒன்று அடித்தது! கை இன்னும் அந்த இழுப்பை மறக்கவில்லை. அண்ணன் சொல்படி அதை ஆற்றிலேயே விட்டேன்.

காவிரியில் இப்போது தண்ணீர் எவ்வளவு? பரிசலுக்குத் தார் பூசினீர்களா? திறப்பதற்குள் பூசிவிடுங்கள். தனியாக ஆற்றில் இறங்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்