கொள்முதல் நிலையத்தில் இரண்டே ரகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சம்பா பருவம் நெருங்கும் இந்நேரத்தில், பாரம்பரிய நெல் விதைகளை மானிய விலையில் வழங்குவது பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், மரபு நெல் விதைகளைச் சேகரித்துப் பரப்பிய நெல் ஜெயராமன் பெயரால் அறிவிக்கப்பட்ட மரபுசார் நெல் ரகப் பாதுகாப்பு இயக்கத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆயினும், விதை கொடுப்பதில் காட்டும் அக்கறையை விளைந்ததை வாங்குவதிலும் காட்டாதவரை, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த விதையை அடுத்த ஆண்டு தொடமாட்டார் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றபின் மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். என் பேச்சைக் கேட்டு, ஓர் ஆண்டு பாதி நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா என்ற மரபுச் சிவப்பு நெல்லை நட்டார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே பிரிவுகள்தான்; சிவப்பு நெல்லைப் பொது ரகத்தின் விலைக்குக் கொட்டிவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. வியாபாரிகளைத் தேடி அலைந்தபடி, மூட்டைகளை ஐந்து மாதம் திண்ணையிலேயே அடுக்கி வைத்திருந்தார். இந்த ஆண்டு முழு நிலத்திலும் சி.ஆர். 1009 என்ற அதிக விளைச்சல் நெல் ரகம் மட்டுமே என்று முடிவு செய்துவிட்டார். மடிப்பாக்கத்துக் கடையில் மாப்பிள்ளைச் சம்பா அரிசி என்ன விலைக்குப் போகிறது என்பதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

பல ரகங்களையும் பல பயிர்களையும் சேர்த்து வைத்திருப்பதைப் பழம்பெருமை என்று ஒதுக்குவோர் உண்டு. தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குக் காட்டுயானம், கடலோர உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், மேட்டுக்குக் குறுகிய கால நெல் என்று பிரித்து நட்டவருக்கு ஒரே மழையில் மொத்தமும் போய்விடுவதில்லை. டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரமண்ணில் தெளிக்கும் உளுந்தும் பயறும், தருமபுரிக் கொல்லைகளில் கேழ்வரகுக்கு இடையே ஓடும் அவரைச் சாலும் துவரைச் சாலும் வீட்டுக் குழம்புக்கும் கைச்செலவுக்கும் ஆனவை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தென்னையைத் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் புதுக் கன்று காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேறொன்றும் உண்டு: இரு வாரம்வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும் சி.ஆர். 1009 சப்-1 என்ற புதிய ரகத்துக்கு அந்தக் குணம் வந்தது, ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்துதான்.

வாங்க ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. கொல்லிமலையில் சாமையும் தினையும் சுருங்கி மரவள்ளி பரவியதற்கு, அந்தக் கிழங்கை வாங்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கொடுத்த ரொக்கம் ஒரு காரணம். சிறுதானியத்தை உமி நீக்க உரலில் குத்திக் குத்திப் பெண்கள் அலுத்துப்போனது இன்னொரு காரணம். சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறு அரவை இயந்திரங்களைக் கிராமக் குழுக்களின் பொறுப்பில் நிறுவிய பிறகே நிலைமை ஓரளவு மாறத் தொடங்கியது. மாநாடுகளில் உயிர்ப்பன்மை பற்றி உரையாற்றுவோர் உரலைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

இதில் அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. ஒடிசா 2017 முதல் சிறுதானிய இயக்கம் நடத்தி, கேழ்வரகைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கி நியாய விலைக் கடைகளில் வழங்குகிறது. நம் மாநிலத்திலும் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதேபோல் டெல்டாவில் வட்டத்துக்கு ஒரு கொள்முதல் நிலையத்திலாவது, வாரத்தில் ஒரு நாள் மரபு ரகங்களைத் தனியாக எடை போட்டு, தனி விலைக்கு வாங்கலாம். அந்த அரிசியைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் உணவுக்கும் அரசு மாணவர் விடுதிகளுக்கும் அனுப்பலாம். விதைக்கு ஆண்டுதோறும் அரசையே எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. 2 கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது என்ற நெல் ஜெயராமனின் ஏற்பாட்டை ஊருக்கு ஊர் விதை வங்கியாக நடத்தலாம். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே ஏற்றிருக்கிறது.

எந்த ரகம், எவ்வளவு, என்ன விலைக்கு, எந்த நிலையத்தில் வாங்கப்படும் என்பதை ஆடியில் நாற்றங்கால் விடுவதற்கு முன்பே அறிவிக்குமாறு அரசை வேண்டுகிறேன். அறுவடை முடிந்து மாசியில் வரும் அறிவிப்பால் என் தம்பி போன்றவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
மடிப்பாக்கம், சென்னை.