எம்.பி. தொகுதிக்காகப் பிள்ளை பெறச் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மக்கள்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைத் திருத்திப் பங்கிடும் தொகுதி மறுவரையறை பற்றிப் பேச்சு எழுந்தாலே "நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதே சமயத்தில் கூடுதலாகப் பெறச் சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு எம்.பி.க்கள் குறையக்கூடாது என்பது நூற்றுக்கு நூறு நியாயம். 1976-இல் தொகுதிப் பங்கீட்டை மாற்றாமல் நிறுத்தியதே அதற்காகத்தான். அதை டெல்லியில் வாதாடி வாங்குங்கள், பெண்கள் மேல் ஏற்றாதீர்கள்.

ஏனென்றால் தண்ணீர் தொகுதிக் கணக்கைப் பார்த்துப் பெருகாது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிரம்பினாலும் சுமார் 11 டி.எம்.சி.தான். 2019 கோடையில் அவை வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்கு நாலு வருடம் முன்னால்தான் இதே சென்னை வெள்ளத்தில் மூழ்கியது!

பிறப்பு விகிதம்தான் குறைந்துவிட்டதே, பிறகென்ன கவலை என்று கேட்பார்கள். சரிதான், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். ஆனால் வேலை எல்லாம் சென்னையைச் சுற்றியே குவிந்தால் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கேதான் வந்தாக வேண்டும், வந்தவர்களுக்கு வீடு கட்ட ஏரியும் சதுப்புநிலமும்தான் போகிறது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கி ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகக் கடலுக்கு அனுப்புவது பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதில் குப்பைக் கிடங்கையும் கட்டடங்களையும் சாலைகளையும் நாமே நிரப்பினோம், மிச்சமிருப்பதற்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் வந்தது. அப்படியும் அதன் ஓரத்தில் கட்டடம் எழுவது நிற்கவில்லை, மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, வெயில் காலத்தில் லாரிக்காகக் காத்திருக்கிறோம்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்கிறார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் அதற்கு ஆலை கட்டியிருக்கிறோம், ஆனால் அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும், மிஞ்சும் உப்புக் கழிவும் கடலுக்கே திரும்புகிறது. ஏரி செய்யும் வேலையை அது செய்யாது.

அரசிடம் நான் கேட்பது இதுதான். அடுக்குமாடிக்கு அனுமதி தரும் முன், அத்தனை குடும்பத்துக்கும் கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் வாங்குங்கள், பதில் "போர்வெல்" அல்லது "லாரி" என்றால் அனுமதி தராதீர்கள். அப்புறம், புதிய தொழிற்சாலைகளையும் ஐ.டி. வளாகங்களையும் மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும்போது அங்குள்ள ஏரிகளின் எல்லையை முதலிலேயே அளந்து கல் நடுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்